மரக்கிளை வெட்டும் நிறுவனத்துக்கான பாதுகாப்பும் பயிற்சியும்: ஆள் ஏறுவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் தமிழ்நாட்டு நகரங்களில் மரக்கிளை வெட்டும் ஆட்களுக்குக் கிராக்கி ஏறிவிடும். குடியிருப்புச் சங்கம், பள்ளிக்கூடம், தொழிற்சாலை, தனி வீடு என எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். ஒரு குட்டியானை வண்டி, ஒரு செயின்சா, நாலு அரிவாள், ஒரு கட்டுக் கயிறு, நான்கைந்து ஆட்கள் இருந்தால் போதும், தொழில் தொடங்கிவிடலாம். இதுதான் இங்கே நடைமுறை. அப்படித் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம் தன் ஆட்களை உயிரோடும் முழு உடம்போடும் வைத்துக்கொள்ள என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தில் நடக்கும் விபத்து பெரும்பாலும் தரையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மேலே ஏறுபவர் கெட்டிக்காரராகத்தான் இருப்பார். ஆனால் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தாதது, கிளை விழும் இடத்தில் ஆள் நின்றது, பழைய கயிறு, மேலே மயங்கினால் இறக்க யாருக்கும் தெரியாதது, இவற்றில் எதையும் அவருடைய கெட்டிக்காரத்தனம் சரிசெய்யாது. இவையெல்லாம் நிறுவனம் நடத்துபவரின் பொறுப்பு.

சட்டம் எதைக் கேட்கிறது

மரக்கவாத்து, அதாவது கிளை வெட்டிச் சீர்செய்யும் வேலைக்கென்றே தனியாக ஒரு பாதுகாப்பு விதித்தொகுப்பு நம்மிடம் இல்லை. அமெரிக்காவிலும் மத்திய அரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, மரப் பராமரிப்புக்கென்று தனி விதி வைத்திருக்கவில்லை. மின்கம்பி ஓரத்தில் மரம் வெட்டுவதற்கு மட்டும் விதி உண்டு. மற்றதற்கெல்லாம் பொது விதிகள்தான். அந்த இடைவெளியை இசட்133 என்ற தொழில்தரம் நிரப்புகிறது. மரவேலையில் மகனை இழந்த ஒரு தாயின் விடாமுயற்சியில் தொடங்கி, 1972-ல் முதல் வடிவம் பெற்ற தரம் அது. கீழே நான் சொல்லும் அளவுகள் பல அதிலிருந்து வந்தவை. நம் ஊரில் அதற்குச் சட்ட பலம் கிடையாது. ஆனாலும் ஒரு நிறுவனம் அதை எடுத்துத் தன் சொந்த விதியாக வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் என்றால் பதிவு, ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம், 40 வயது தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை ஆகியவை உங்கள் கடமை. அதே 10 பேர் கணக்கில் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும்.

"என்னிடம் நாலு பேர்தானே" என்று தள்ளிவிட முடியாத ஒன்று விபத்து இழப்பீடு. எந்தெந்த வேலைக்கு இழப்பீடு உண்டு என்று சொல்லும் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே பனையேறுவதும் மரம் வெட்டுவதும் வெளிப்படையாக இருந்தன. கணக்கு இப்படி: இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை அவர் வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி அறிவிப்பின்படி சம்பளத்தை அதிகபட்சம் 15,000 என்று எடுத்துக்கொள்வார்கள். 30 வயதுக்கான காரணி 207.98. அதாவது 7,500 பெருக்கல் 207.98, மொத்தம் 15,59,850 ரூபாய். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் கணக்கிடும் முறை இதுதான். இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத சின்ன நிறுவனம் இந்தத் தொகைக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்காமல் முதல் ஆளை ஏற்றக்கூடாது. காப்பீட்டு முகவரிடம் "மரம் ஏறும் வேலை, உயரத்தில் செயின்சா வேலை" என்று தெளிவாகச் சொல்லி, அதை பாலிசியிலும் எழுத வையுங்கள். "தோட்ட வேலை" என்று பொதுவாக எழுதிவிட்டால் பணம் கேட்கும் நாளில் தகராறு வரும்.

இதோடு ஒவ்வொரு ஆளுக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் வங்கி மூலம் பதிவு செய்துவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் 2 லட்சம் கிடைக்கும். தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியப் பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை கூடுதல் பாதுகாப்புதான். இழப்பீட்டுக் காப்பீட்டுக்கு மாற்று ஆகாது.

கூலி முறையை முதலில் திருத்துங்கள்

பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட்டைத்தான் நினைப்போம். நான் கூலியிலிருந்து தொடங்குவேன். மரத்துக்கு இவ்வளவு, கிளைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் ஏறுபவர் இரண்டாவது கயிற்றைக் கட்டும் பத்து நிமிடம் அவருக்கு நஷ்டமாகிறது. மழை தூறினாலும் ஏறுவார், காற்று வீசினாலும் ஏறுவார், ஏனென்றால் இறங்கி உட்கார்ந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். அப்படிக் கூலி கொடுத்துவிட்டு, "பாதுகாப்பாக வேலை செய்யுங்கள்" என்று சொல்வதில் நேர்மை இல்லை.

நாள் கூலி அல்லது மாதச் சம்பளமாக மாற்றுங்கள். காற்று, மழை, மின்சாரம் நிற்காதது என்று வேலை நின்றுபோன நாளுக்குக் குறைந்தது பாதிக் கூலியாவது உண்டு என்று நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள். வாடிக்கையாளருக்கு விலை சொல்லும்போதே இந்தச் செலவையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். "பக்கத்துத் தெருவில் பாதி விலைக்குச் செய்கிறார்கள்" என்பார்கள். அந்த வேலையை விட்டுவிடுவது நல்லது.

இன்னொரு விதியும் இதோடு சேரும். ஏற மாட்டேன் என்று சொல்லும் உரிமை ஏறுபவருக்கு உண்டு. அதற்குக் காரணம் கேட்கலாம், கேலி செய்யக்கூடாது, கூலியைப் பிடிக்கவும் கூடாது. 18 வயது நிறையாத யாரும் எந்த வேலைக்கும் வேண்டாம். "சும்மா கிளையைத்தானே இழுத்துப் போடப் போகிறான்" என்று பையன்களைக் கூட்டிவருவது வழக்கமாக இருக்கிறது. கிளை விழும் இடத்துக்கு மிக அருகில் நிற்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 1: முந்தைய நாளே போய் மரத்தைப் பாருங்கள்

விலை சொல்லப் போகும் நாள்தான் ஆபத்தைப் பார்க்கும் நாள். மேஸ்திரி மரத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடக்க வேண்டும். முதலில் அடிமரம். வேருக்கு அருகே காளான் முளைத்திருக்கிறதா, பட்டை உப்பியிருக்கிறதா, சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினால் பொந்து சத்தம் கேட்கிறதா, ஒரு பக்க மண் வெடித்துத் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சாலை வேலை, வடிகால் வேலை நடந்த இடமென்றால் வேரை வெட்டியிருப்பார்கள். அந்த மரம் மேலே பச்சையாகத்தான் இருக்கும், பிடிமானம் போயிருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கில் சாய்ந்தவற்றில் சிமெண்டும் தாரும் கழுத்துவரை போட்ட சாலையோர மரங்களை நிறையப் பார்க்க முடிந்தது.

அடுத்தது மரத்தின் சாதி. முருங்கைக் கிளை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முறியும், அதில் ஆளை ஏற்றவே கூடாது. மயில்கொன்றையும் மஞ்சள் பூ பூக்கும் இயல்வாகையும் எளிதில் ஒடியும். தூங்குமூஞ்சி மரத்தின் கிடைக்கிளை மிகவும் நீளமாக, கனமாக இருக்கும். வெட்டும்போது அது எந்தப் பக்கம் சுற்றும் என்று முன்பே கணக்குப் போட வேண்டும். வேம்பு, புளி போன்றவை வலுவானவை. ஆனால் அவற்றிலும் காய்ந்த கிளை காய்ந்த கிளைதான், அதில் காலும் வைக்கக்கூடாது, கயிறும் கட்டக்கூடாது.

பிறகு உச்சியை அண்ணாந்து பாருங்கள். மலைத்தேனீக் கூடு, குளவிக்கூடு, முசுறு எறும்பின் இலைக்கூடு, பாம்பு தங்கும் பொந்து எல்லாம் கீழிருந்தே தெரியும். பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது. மலைத்தேனீக் கூடு இருந்தால் அன்று செயின்சா ஓடக்கூடாது. அதன் சத்தமும் அதிர்வுமே தேனீயைக் கிளப்பிவிடும். கயிற்றில் தொங்குபவர் ஓட முடியாது.

மரத்தை முழுதாக வெட்டுவது என்றால் அனுமதிக் கடிதத்தின் நகல் இல்லாமல் விலையே சொல்லாதீர்கள். பொது இடத்து மரத்துக்கும் மலைப்பகுதி மரத்துக்கும் தனித்தனி நடைமுறை உண்டு. பாதியில் யாராவது வந்து நிறுத்தினால், பாதி வெட்டிய மரம் தெருவில் நிற்கும். அதைவிட ஆபத்தான மரம் கிடையாது.

படி 2: மின்கம்பி

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள்.

பச்சை மரத்தில் ஈரம் இருக்கிறது, மின்சாரம் பாயும். கம்பியை ஆள் தொட வேண்டியதில்லை. அவர் பிடித்திருக்கும் கிளை தொட்டால் போதும், கையிலிருக்கும் இரும்புக் கழி தொட்டால் போதும். உயர் அழுத்தக் கம்பி என்றால் தொடாமலேயே, மிக அருகில் போனாலே பாயலாம். இசட்133-ன்படி மின்வேலைக்கென்று பயிற்சி பெறாதவர் கம்பியிலிருந்து குறைந்தது 10 அடி, அதாவது 3.05 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். 50 கிலோவோல்ட் வரை இந்த அளவு, அதற்கு மேல் தூரம் கூடும். நம் தெருக்களில் போகும் 11, 22, 33 கிலோவோல்ட் கம்பிகளுக்கெல்லாம் இது பொருந்தும். வீட்டுக்குப் போகும் சாதாரண 230 வோல்ட் சர்வீஸ் கம்பிக்கும் இதே தூரத்தை வையுங்கள். ஆளைக் கொல்ல அந்த 230 வோல்ட்டே போதும். ஆள், அவர் கையிலிருக்கும் கருவி, வெட்டப் போகும் கிளையின் நுனி, அது விழும் வழி, இவை நாலும் அந்த 10 அடிக்கு வெளியே இருக்க வேண்டும்.

முடியவில்லை என்றால் லைன் கிளியர், அதாவது கம்பியில் மின்சாரத்தை நிறுத்தித் தரும் மின்வாரிய அனுமதி, வாங்கியே ஆக வேண்டும். உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எந்தத் தெரு, எந்த மரம், எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று கேட்டு அன்றைக்கே வேலையை வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். கம்பியை ஒட்டிய கிளையை மின்வாரிய ஆட்களே வெட்டித்தரச் சொல்லியும் கேட்கலாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணை மேஸ்திரியின் போனில் பதிந்து வையுங்கள்.

மின்சாரம் நின்றுவிட்டது என்று வீட்டுக்காரர் சொல்வது கணக்கில் வராது. பேன் நின்றதை வைத்தும் முடிவு செய்யக்கூடாது. மின்வாரிய ஊழியர் வந்து, நிறுத்தி, சோதித்து, கம்பியை எர்த் செய்த (தரையோடு இணைத்த) பிறகு அவரே சொல்ல வேண்டும். எர்த் ஏன் முக்கியம் என்றால், கரண்ட் போனவுடன் பக்கத்துக் கடையிலோ கல்யாண மண்டபத்திலோ ஜெனரேட்டர் போடுவார்கள். இணைப்பு தவறாக இருந்தால் அது நின்ற கம்பிக்குள் திரும்பி வந்துவிடும். வேலை முடிந்து எல்லோரும் இறங்கி, ஆட்களைத் தலை எண்ணிய பிறகே மேஸ்திரி "போடலாம்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் உரிமை.

அலுமினிய ஏணி, இரும்புக் கழி, இரும்புக் கம்பி உள்ள கயிறு இவற்றை மின்கம்பி இருக்கும் தெருவில் வண்டியிலிருந்தே இறக்காதீர்கள். கேபிள் டிவி ஒயர், இன்டர்நெட் ஒயர், மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி எல்லாவற்றையும் மின்சாரம் உள்ளதாகவே நினைத்து நடந்துகொள்ள வேண்டும்.

படி 3: உடம்பில் போடுவது

கட்டட வேலையின் மஞ்சள் ஹெல்மெட் தாடைப்பட்டை இல்லாமல் வந்தால் குனிந்தவுடன் விழுந்துவிடும். ஐ.எஸ். 2925 முத்திரையோடு, நாலு புள்ளியில் பிடிக்கும் தாடைப்பட்டை உள்ளதை வாங்குங்கள். கீழே நிற்பவருக்கும் அது கட்டாயம். சொல்லப்போனால் அவருக்குத்தான் முதலில்.

செயின்சா ஓட்டுபவருக்குக் கண்ணாடி அல்லது வலைமுகமூடி, காது மூடி, செயின்சாவுக்கென்றே தயாரான கால் கவசம் அல்லது பேன்ட் வேண்டும். அதன் உள்ளே நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி பட்டவுடன் அவை வெளியே இழுபட்டு பல்சக்கரத்தில் சுற்றி மிஷினை நிறுத்திவிடும். ஜீன்ஸ் பேன்ட் இதைச் செய்யாது. சென்னை வெயிலில் அதைப் போட முடியாது என்பார்கள், உண்மைதான். அதனால் வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் முடியுங்கள், கால் கவசத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள். 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். மேலே இருப்பவருக்குத் தண்ணீர் ஏற்றத் தனிக் கயிறும் பையும் வையுங்கள்.

செயின்சாவின் சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டும். 85-லிருந்தே காது கெட ஆரம்பிக்கும். லுங்கி, ரப்பர் செருப்பு, கழுத்துத் துண்டு இவற்றோடு யாரும் மிஷின் பக்கம் வரக்கூடாது. கிளை அரைக்கும் சிப்பர் மிஷின் வைத்திருக்கும் நிறுவனம் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். தொங்கும் துணி, கயிறு, ஹார்னஸ் (ஏறுபவர் உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) எதுவுமே அதன் வாயருகே போகக்கூடாது, கிளையைப் பக்கவாட்டில் நின்று செருகிவிட்டு உடனே விலக வேண்டும், காலால் தள்ளவே கூடாது.

படி 4: ஏறும் முறை

தேங்காய்நார்க் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி ஏறுவதை இன்றோடு நிறுத்துங்கள். விழுந்தால் அந்தக் கயிறு நிற்காது, நின்றாலும் விலா எலும்பை நொறுக்கிவிடும். இடுப்பையும் இரண்டு தொடையையும் தாங்கும் ஹார்னஸ் வேண்டும். ஏறும் கயிறு நைலான் அல்லது பாலியெஸ்டர். இசட்133 கேட்பது குறைந்தது 5,400 பவுண்டு, அதாவது சுமார் 2,450 கிலோ தாங்கும் கயிறு. கொக்கி தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஏறும் முன் கயிற்றின் முழு நீளத்தையும் வெறுங்கையால் தடவிப் பாருங்கள். வெட்டு, உருகல், கெட்டியான இடம், மெலிந்த இடம் ஏதாவது தட்டுப்பட்டால் அங்கேயே துண்டாக வெட்டிப் போடுங்கள். ஓரமாக எடுத்து வைத்தால் மறுநாள் யாராவது அதையே கொண்டு வருவார்கள்.

ஏறும் கயிறு வேறு, கிளை இறக்கும் கயிறு வேறு. கிளை இறக்கிய கயிற்றில் ஆள் தொங்கக்கூடாது. இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தில் வாங்கிவிட்டால் குழப்பமே வராது.

கட்டும் இடம் எப்போதும் தலைக்கு மேலே, பச்சைக் கிளையில், அடிமரத்தை ஒட்டி இருக்க வேண்டும். கயிறு தொய்யாமல் இருக்க வேண்டும். தொய்வு எத்தனை அடியோ அத்தனை அடி விழுந்த பிறகுதான் கயிறு பிடிக்கும். செயின்சாவை ஓட்டும் நேரம் முழுக்க இரண்டு கட்டு: ஒன்று மேலே போகும் கயிறு, இன்னொன்று அடிமரத்தைச் சுற்றிய குட்டைக் கயிறு. ஒன்றை மிஷின் தவறுதலாக அறுத்துவிட்டாலும் மற்றது பிடிக்கும். கட்டு மாற்றும்போதும் ஒன்றைப் போட்ட பிறகுதான் மற்றதை அவிழ்க்க வேண்டும். ஆணிச் செருப்புப் போட்டு ஏறுவது வெட்டிச் சாய்க்கப் போகும் மரத்துக்கு மட்டும். கவாத்துக்கு நிற்கும் மரத்தில் அந்தக் காயங்கள் நோய் புகும் வழியாகிவிடும்.

ஜேசிபி வாளியில் ஆளை நிற்க வைத்துத் தூக்கிக் கிளை வெட்டுவது நம் ஊரில் தினமும் நடக்கிறது. அது மண் அள்ளும் வாளி. ஆளைத் தாங்கும் பூட்டும் கிடையாது, கட்டும் இடமும் கிடையாது. உயரம் வேண்டுமென்றால் ஆள் ஏற்றும் ஸ்கை லிப்ட் வண்டியை வாடகைக்கு எடுங்கள். அதிலும் முழு உடல் ஹார்னஸைக் கூடையின் வளையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

தென்னை, பனை வேலை எடுக்கும் நிறுவனங்களுக்கு ஒரு சொல். தென்னையில் காய்ந்த மட்டையைப் பிடித்துக் கொண்டைக்குள் ஏறும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து, மட்டை கையோடு வந்துவிடும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியை நடத்துகிறது. ஏறும் கருவியைக் கொண்டு ஏறக் கற்றுக்கொடுக்கிறார்கள். வேளாண் அறிவியல் நிலையங்கள் மூலமும் கிடைக்கும். தென்னை ஏறுபவர்களுக்கென்று 'கேரா சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டையும் அதே வாரியம் வைத்திருக்கிறது. உங்கள் ஆட்களை இரண்டிலும் சேர்த்துவிடுங்கள்.

படி 5: வெட்டுவதும் இறக்குவதும்

பச்சை மரம் எவ்வளவு கனம் என்று கணக்குப் போடாமல் கயிறு கட்டுவதுதான் பொதுவான தவறு. ஒரு கன மீட்டர் பச்சை மரம் ஏறக்குறைய ஒரு டன். 30 சென்டிமீட்டர் தடிமன், 3 மீட்டர் நீளம் உள்ள ஒரு துண்டு சுமார் 200 கிலோ வரும். அது ஒரு மீட்டர் தடையில்லாமல் விழுந்து கயிற்றில் நிற்கும்போது கயிற்றுக்கும் கட்டிய கிளைக்கும் வரும் இழுப்பு அந்த 200 கிலோவைப்போல் பல மடங்கு. ஆகவே சின்னத் துண்டாக வெட்டுங்கள், கயிற்றைத் தொய்வில்லாமல் வையுங்கள், கீழே பிடிப்பவர் கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பிடிக்கட்டும். கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது.

கிளைக்கு மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு சற்று வெளியே மேலிருந்து முழுதாக, கடைசியில் மிஞ்சிய கட்டையை, கிளை அடிமரத்தோடு சேரும் இடத்திலுள்ள கழுத்துப் புடைப்பை விட்டுவிட்டு. இப்படிச் செய்தால் பட்டை உரியாது, கிளை ஏறுபவரை நோக்கி ஊசலாடி வராது.

முழு மரத்தைச் சாய்க்கும்போது, வேலையில் இல்லாத எவரும் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு உள்ளே வரக்கூடாது. முதலில் விழும் பக்கம் ஆப்பு வடிவ வெட்டு, பிறகு எதிர்ப்பக்கம் பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவே மரத்தின் தடிமனில் பத்தில் ஒரு பங்கை வெட்டாமல் விட வேண்டும். அந்தக் கீல்தான் மரத்தைச் சொன்ன திசையில் கொண்டுபோகும். அதை அறுத்துவிட்டால் மரம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டுபவர் தப்பும் பாதை விழும் திசைக்கு நேர் எதிரே இருக்கக்கூடாது, பின்னால் சாய்வாக 45 பாகையில் இருக்க வேண்டும். அந்தப் பாதையை வெட்டத் தொடங்கும் முன்பே சுத்தம் செய்து வையுங்கள்.

செயின்சா பற்றி ஏற்கெனவே பலருக்கும் தெரிந்தவைதான்: இரண்டு கையாலும் பிடிப்பது, தோளுக்கு மேல் தூக்காதது, சங்கிலி சுற்றி ஓடும் வாளின் நுனி மேல்மூலையை எதிலும் படவிடாதது. அந்த மூலை பட்டால் வாள் கண் இமைக்கும் முன் முகத்துக்குத் திரும்பும். இரண்டு காலடிக்கு மேல் நடந்தால் செயின் பிரேக்கைப் போட வேண்டும். தொங்கவிட்டு இழுத்து ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும், ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி வந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். பீடி அந்தப் பக்கமே வரக்கூடாது.

புயலில் விழுந்த மரத்தைப் புதியவர்கள் தொடக்கூடாது. வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையின் எந்தப் பக்கம் இழுவிசை, எந்தப் பக்கம் அழுத்தம் என்று படிக்கத் தெரியாமல் வெட்டினால் அது தெறித்து அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தில் அடிமரத்தை அறுத்தவுடன் வேர்க்கட்டை மண்ணோடு எழுந்து பழைய குழிக்குள் திரும்பி உட்காரலாம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா முழுக்க இப்படிக் கிடந்த மரங்களைத்தான் ஊர்க்காரர்களே அரிவாளோடு அப்புறப்படுத்தினார்கள். அந்தக் குழிக்குள்ளோ வேருக்குப் பின்னாலோ யாரும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டே கடைசி வெட்டைப் போடுங்கள்.

படி 6: காலைப் பேச்சும் கட்டளைச் சொற்களும்

ஒவ்வொரு மரத்தடியிலும், மிஷினை ஸ்டார்ட் செய்யும் முன், எல்லோரும் கூடி ஐந்து நிமிடம் பேச வேண்டும். இன்று எந்தக் கிளை, எந்தப் பக்கம் விழும், கம்பி எங்கே, யார் கயிறு, தெருவில் ஆட்களை நிறுத்துவது யார், அடிபட்டால் எந்த மருத்துவமனை. குடித்துவிட்டு வந்தவரும், முந்தைய இரவுக் குடி தெளியாதவரும் அன்று வீட்டுக்குப் போக வேண்டும். இதில் மேஸ்திரியின் மச்சானுக்கும் விலக்கு கிடையாது.

விழும் இடத்தைக் கயிறும் கூம்பும் வைத்து அடையுங்கள். மேலே இருப்பவர் "வெட்டுறேன்" என்று குரல் கொடுத்து, கீழே இருப்பவர் சுற்றிப் பார்த்து "சரி, வெட்டு" என்று பதில் சொன்ன பிறகே வெட்ட வேண்டும். பதில் வராவிட்டால் வெட்டக்கூடாது. பீகார், ஒடிசா ஆட்கள் குழுவில் இருந்தால் சொல்லை நம்பாதீர்கள். ஒரு விசில் நில், இரண்டு விசில் வெட்டலாம் என்று வைத்து, எல்லோரையும் செய்துகாட்ட வையுங்கள்.

படி 7: மேலே மாட்டிக்கொண்டவரை இறக்குவது

இங்கேதான் நம் நிறுவனங்கள் வெறுங்கையோடு நிற்கின்றன. 12 அடிக்கு மேல் ஒருவர் வேலை செய்தால், அவரைப் பார்க்கவோ அவரோடு பேசவோ முடிகிற தூரத்தில் மீட்கப் பயிற்சி பெற்ற இன்னொருவர் இருக்க வேண்டும் என்கிறது இசட்133. தனி ஆளாக மரவேலை என்பது இருக்கவே கூடாது.

அசைவில்லாமல் ஹார்னஸில் தொங்குபவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகும். 108 வந்து சேரும்வரை காத்திருக்க நேரமில்லை. அவர்களிடம் மரம் ஏறும் கயிறும் இருக்காது. அதனால் இரண்டாவது ஏறும் செட், அதாவது ஹார்னஸ், கயிறு, கொக்கிகள், கத்தி எல்லாம் வண்டியில் பூட்டிக் கிடக்காமல் மரத்தடியில் திறந்த பையில் இருக்க வேண்டும். அதை எடுக்கும் ஆள் யார் என்று காலையிலேயே முடிவாகியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 60 கிலோ மணல் மூட்டையை ஹார்னஸில் மாட்டித் தொங்கவிட்டு, கடிகாரம் பார்த்து இறக்கிப் பழகுங்கள்.

மின்சாரம் பாய்ந்திருந்தால் யாரும் தொடக்கூடாது, மின்சாரத்தை நிறுத்தும்வரை மரத்தையும் தொடக்கூடாது. அந்த நிமிடத்தில் தம்பியோ நண்பனோ ஓடிப்போய்ப் பிடிப்பதால்தான் ஒரு சாவு இரண்டாகிறது. இறக்கிய பிறகு மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். செயின்சா வெட்டுக்குச் சுத்தமான துணியை வைத்து முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள், கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டி, கட்டிய நேரத்தை எழுதுங்கள். உயரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். முதுகெலும்பு உடைந்திருக்கலாம்.

படி 8: யாருக்கு எப்போது என்ன பயிற்சி

புதிய ஆள் முதல் மாதம் தரையில் மட்டும். கட்டளைச் சொற்கள், விழும் இடம், முடிச்சுகள், முதலுதவி, மின்கம்பியின் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது. அதில் தேறிய பிறகு தரையில் செயின்சா: சங்கிலியைத் தீட்டுவது, இறுக்குவது, விழுந்த கட்டையைத் துண்டு போடுவது. அதன் பிறகு ஏறுதல். முதலில் ஆறடி உயரத்தில், கையில் எந்தக் கருவியும் இல்லாமல், கயிற்றில் உட்கார்ந்து எழுந்து பழக வேண்டும். பின்பு கைரம்பம். மரத்தின் மேலே செயின்சா கடைசி. தரையில் ஆறு மாதமாவது ஓட்டிய கைக்குத்தான் அதைக் கொடுப்பேன். மீட்கத் தெரியாதவருக்கு ஏறுபவர் என்ற பெயரே கொடுக்கக்கூடாது.

இருபது வருடம் ஏறிய அண்ணனுக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்ற தயக்கம் வரும். அவருடைய கையும் காலும் நமக்குக் கற்றுக்கொடுக்கும், சந்தேகமே இல்லை. அவரையே பயிற்சியாளராக உட்கார வையுங்கள், கூடுதல் சம்பளம் கொடுங்கள், புதிய ஹார்னஸை முதலில் அவரிடமே கொடுத்துக் குறை கேளுங்கள். அவர் போட்டுக்கொண்டால் மற்றவர்களும் போட்டுக்கொள்வார்கள்.

முதலுதவிப் பயிற்சி செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேருக்காவது வேண்டும், ஏனென்றால் அடிபடுபவர் அந்த ஒருவராகவே இருக்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஆளின் பெயர், எந்தப் பயிற்சி, எந்தத் தேதி, யார் சோதித்தார், தொழிலாளியின் கையெழுத்து. இன்னொரு நோட்டில் கயிறு, ஹார்னஸ், கொக்கி ஒவ்வொன்றும் வாங்கிய தேதியும் கழித்துக்கட்டிய தேதியும். மூன்றாவதாக, அடிபடாமல் தப்பியவற்றை எழுத ஒரு நோட்டு: கிளை தவறான பக்கம் விழுந்தது, கயிறு நழுவியது, தெருவில் போனவர் தடுப்பைத் தாண்டி வந்தது. அப்படி ஒன்றைச் சொல்லும் ஆளுக்குத் திட்டு விழக்கூடாது, இல்லையென்றால் மறுமுறை யாரும் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது அந்த வாரத்துப் பக்கத்தைச் சத்தமாகப் படித்து, திங்கட்கிழமை எதை மாற்றப் போகிறோம் என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.